வண்டியே பாரமா? துருப்பிடிக்காத இலேசு டிரெய்லர் நம் ஊருக்கு ஏற்றதா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது மகாராஜபுரம். விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பு வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். சுற்றிலும் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நெல் வயல்.

தேங்காய் தோப்பிலேயே கிடந்தால் காசு ஆகாது. அது மண்டிக்குப் போக வேண்டும். நெல் களத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். உர மூட்டை கடையிலிருந்து வயலுக்கு வர வேண்டும். செங்கல், மணல், விறகு, வைக்கோல் எல்லாம் போக வேண்டும், வர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆனாலும் ராஜபாளையம் ஆனாலும் இந்தப் போக்குவரத்தில் பெரும்பங்கு டிராக்டருக்குப் பின்னால் ஓடும் டிரெய்லருக்கு உண்டு.

டிராக்டர் வாங்கினால் மாலை போடுகிறோம். சந்தனம் வைக்கிறோம். தெருவே கூடி வேடிக்கை பார்க்கிறது. டிரெய்லருக்கு அந்த மரியாதை கிடையாது. மழையிலும் வெயிலிலும் வேப்பமரத்தடியில் அது கிடக்கும்.

ஆனால் குடும்பத்தின் பணத்தைச் சத்தம் இல்லாமல் தின்பது அந்த டிரெய்லர்தான்! எப்படி?

இரண்டு வழிகளில் தின்கிறது. ஒன்று, அதன் சொந்த எடை. இரண்டாவது, துரு.

இந்த இரண்டையும் இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.

வரி குறைந்தது

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் ஜி.எஸ்.டி. வரி மாற்றி அமைக்கப்பட்டது. விவசாய டிராக்டருக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. தானே பாரம் ஏற்றும் அல்லது தானே பாரம் இறக்கும் விவசாய டிரெய்லருக்கும் அதே சலுகை கிடைத்தது. மாட்டு வண்டிக்கும் கை வண்டிக்கும் கூட 12, 5 ஆயிற்று.

இதன் பொருள் என்ன? ஒரு டிப்பர் டிரெய்லரின் விலை வரி நீங்கலாக 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு வரி 24 ஆயிரம் ரூபாய். இப்போது 10 ஆயிரம். மிச்சம் 14 ஆயிரம் ரூபாய்!

இந்தப் பணத்தை என்ன செய்வது? இன்னும் பெரிய, இன்னும் கனமான டிரெய்லர் வாங்குவதா? அல்லது அதே அளவில், இலேசான, துருப்பிடிக்காத டிரெய்லர் வாங்குவதா?

வாங்கும் முன்பு குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இது.

தேர் வேறு, வண்டி வேறு

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைப் பார்த்திருப்பீர்கள். ஆடிப்பூரத்தன்று ஆயிரக்கணக்கான மக்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். தேர் கனமாக இருப்பதுதான் அதற்கு அழகு. ஊரே கூடினால்தான் நகரும் என்பதில் ஒரு பெருமை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் அந்தப் பாரத்தைச் சந்தோஷமாக இழுக்கிறோம்.

பார வண்டியின் கதை அப்படி அல்ல. அது தினமும் ஓட வேண்டும். அதை இழுக்க ஊர் கூடாது. டீசல் இழுக்க வேண்டும். டீசலுக்குக் காசு கொடுப்பது நாம்.

வண்டியின் எடைக்கு யாரும் வாடகை கொடுப்பதில்லை. உள்ளே இருக்கும் சரக்குக்குத்தான் வாடகை. ஆகவே வண்டியின் சொந்த எடை என்பது ஒவ்வொரு நடையிலும் நாம் கட்டும் வரி. இந்த வரியை எந்தச் சட்டசபையும் போடவில்லை. நாமேதான் போட்டுக்கொள்கிறோம்.

கட்டை வண்டியிலிருந்து டயர் வண்டிக்கு

எடையைக் குறைக்கும் யோசனை புதிதல்ல.

நம் தாத்தா காலத்துக் கட்டை வண்டி எப்படி இருந்தது? மரச் சக்கரம். அதைச் சுற்றி இரும்புப் பட்டை. கனத்த அச்சு. வண்டி காலியாகப் போனாலே மாட்டுக்கு மூச்சு வாங்கும். மேடு வந்தால் வண்டிக்காரர் இறங்கித் தோள் கொடுப்பார்.

1888-ம் ஆண்டில் காற்று அடைத்த ரப்பர் டயர் வந்தது. அதைச் செய்தவர் டன்லப் என்ற கால்நடை மருத்துவர். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார். அவர் பெயரிலேயே டயர் கம்பெனியும் பிறந்தது. பிறகு அந்த டயர் நம் நாட்டு மாட்டு வண்டிக்கும் வந்து சேர்ந்தது. அதுவே டயர் வண்டி. அதே மாடுகள் கூடுதல் பாரம் இழுத்தன.

1970-களில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் என்.எஸ். ராமசாமி. பெரிய கம்பெனிகளின் நிர்வாகத்தைச் சொல்லிக் கொடுக்கும் கழகம் அது. அவரோ மாட்டு வண்டியைக் கையில் எடுத்தார். வண்டியின் அமைப்பும் நுகத்தடியும் மாட்டின் உழைப்பை வீணாக்குகின்றன, கழுத்தைப் புண்ணாக்குகின்றன என்று நாடெங்கும் எடுத்துச் சொன்னார். "இவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று நினைத்தவர்களும் உண்டு. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. இழுக்கிறவனின் பலத்தில் எவ்வளவு சரக்குக்குப் போகிறது, எவ்வளவு வண்டிக்குப் போகிறது?

இப்போது மாட்டின் இடத்தில் டிராக்டர் நிற்கிறது. டிராக்டர் வாய் திறந்து அழுவதில்லை. அதனால் அந்தக் கேள்வியை நாம் மறந்துவிட்டோம்.

ஒரு சின்னக் கணக்கு

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

ஒரு டிரெய்லரின் எடையில் 200 கிலோ குறைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த டிரெய்லர் ஆண்டுக்கு 300 நடை போகிறது. போகும்போதும் 200 கிலோ, திரும்பும்போதும் 200 கிலோ. ஒரு நடைக்கு 400 கிலோ. 300 நடைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோ. அதாவது 120 டன்!

யாருக்கும் பயன்படாத 120 டன் இரும்பை ஆண்டுதோறும் ஊர் விட்டு ஊர் இழுத்துக்கொண்டு போகிறோம். திரும்பக் கொண்டு வருகிறோம்.

இதையே மறுபக்கம் பாருங்கள். மொத்த எடைக்குச் சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு. வண்டி 200 கிலோ இளைத்தால், அதே வரம்புக்குள் 200 கிலோ சரக்கு கூடுதலாக ஏற்றலாம். உரித்த தேங்காய் ஒன்று அரைக் கிலோ என்றால், ஒரு நடைக்கு 400 தேங்காய் அதிகம்.

சில நாளில் ஒரு நடையே மிச்சமாகிவிடும்.

துரு என்னும் திருடன்

இனி இரண்டாவது விஷயம்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது? இரும்பும், தண்ணீரும், காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. இது வெறும் கறை அல்ல. இரும்பே துருவாக மாறுகிறது. துரு பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும். அதையும் துரு பிடிக்கும். இப்படியே உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். ரசாயன உரமும் ஒருவகை உப்புத்தான். உர மூட்டை கிழிந்து தகட்டில் சிந்துகிறது. அதன் மேல் பனியோ மழையோ இறங்குகிறது. ஈரத் தொழு உரமும் அப்படியே. மறுநாள் கழுவுவதில்லை. நாலைந்து பட்டம் போனால் தகட்டில் விரல் நுழைகிறது.

பிறகு வெல்டிங் பட்டறை. ஒரு துண்டுத் தகடு, ஒரு ஒட்டு. அடுத்த ஆண்டு இன்னொரு ஒட்டு. ஒட்டுப் போடப் போட டிரெய்லரின் எடையும் கூடுகிறது. கடைசியில் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகிறது.

துரு சின்ன விஷயமா? பாம்பன் பாலத்தைக் கேளுங்கள். 1914-ல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலத்தைக் கடல் காற்று அரித்துக்கொண்டே இருந்தது. தூக்குப் பகுதி பலவீனம் அடைந்ததால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், விசேஷ வர்ணத்தையும் உபயோகித்திருக்கிறார்கள். பழைய பாலம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

மூன்று மருந்துகள்

துருவுக்கு மருந்து உண்டா? உண்டு. மூன்று இருக்கின்றன.

முதல் மருந்து அலுமினியம். இது நமக்குப் புதிதல்ல. 1898-ல் சென்னை ஓவியப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரம் செய்வதைத் தொடங்கி வைத்தார். அங்கிருந்துதான் அது நம் அடுக்களைக்குள் வந்தது. 1965-ல் மேட்டூரில் அலுமினியம் உருக்கும் ஆலையே ஏற்பட்டது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அதற்குக் கல் வந்தது. 2008-ல் அங்கே உருக்குவது நின்றுவிட்டது.

ஒரு கன அடி இரும்பு சுமார் 222 கிலோ இருக்கும். ஒரு கன அடி அலுமினியம் சுமார் 76 கிலோதான். மூன்றில் ஒரு பங்கு! அலுமினியத்தின் மேலும் காற்றுப் பட்டு ஒரு படலம் உண்டாகிறது. ஆனால் அது துருவைப் போல உதிராது. தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும்.

அப்படியானால் அலுமினியமே போதுமே? பொறுங்கள். அது இரும்பைவிட எளிதில் வளையும். அதனால் கனத்தைக் கூட்டித்தான் செய்ய வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு எடை மிச்சம் என்று கணக்கில் தெரிந்தாலும், வண்டியாகச் செய்து முடிக்கும்போது மிச்சம் அதைவிடக் குறையும். விலையும் அதிகம். ஒரு கிலோ அலுமினியம் உருக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, விரிசல் விட்டால் சாதாரண வெல்டிங்கில் ஒட்டாது. ஆர்கான் வாயு வைத்து ஒட்டும் கைதேர்ந்த ஆள் வேண்டும்.

இரண்டாவது மருந்து துருப்பிடிக்காத எஃகு. அதாவது நம் வீட்டு எவர்சில்வர். இரும்போடு குரோமியம் சேர்த்துச் செய்வது. சேலம் உருக்காலையில் 1981 முதல் இது தயாராகிறது. நல்ல பலம், நல்ல ஆயுள். ஆனால் எடையில் இரும்புக்குத் தம்பி இல்லை, இரட்டைப் பிறவி! விலையும் கை கடிக்கும்.

மூன்றாவது மருந்து துத்தநாகப் பூச்சு. நாம் ஜி.ஐ. என்று சொல்கிறோமே, அதுதான். ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. குழாய், கூரைத் தகடு எல்லாம் நமக்குப் பழக்கம். 1837-ல் சோரல் என்ற பிரெஞ்சு இன்ஜினீயர் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுமார் 450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் இரும்பை முக்கி எடுப்பார்கள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. வர்ணம் கீறினால் அந்தக் கீறலில் துரு ஆரம்பிக்கும். துத்தநாகம் கீறினாலோ, சுற்றிலும் இருக்கும் துத்தநாகம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். தம்பிக்கு விழும் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் அண்ணன் போல!

பெரிய இடங்களில் என்ன நடக்கிறது?

வண்டியை இளைக்க வைக்கும் வேலை பெரிய அளவில் தொடங்கிவிட்டது.

2022 அக்டோபரில் புவனேசுவரத்தில் ஒரு சரக்கு ரயில் ஓட்டம் தொடங்கியது. ஹிண்டால்கோ கம்பெனி கொடுத்த அலுமினியத்தில் செய்த 61 வேகன்கள். பழைய இரும்பு வேகன் ரயிலைவிட அது மொத்தத்தில் 180 டன் எடை குறைவு என்று சொன்னார்கள். வேகன் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 டன்!

அமெரிக்காவில் போர்டு கம்பெனி தன் பிரபலமான சிறு லாரியின் கூட்டை 2015-ம் ஆண்டு மாடலில் அலுமினியத்துக்கு மாற்றியது. எடை 318 கிலோ வரை குறைந்ததாக அறிவித்தது. பனி பெய்யும் ஐரோப்பிய நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். அங்கே விவசாயிகள் உபயோகிக்கும் சிறு டிரெய்லர்களில் துத்தநாகம் பூசியது மிகவும் சகஜம்.

ரயில்வேக்கும் பெரிய கம்பெனிக்கும் தெரிந்த கணக்கு, தென்னந்தோப்புக்காரருக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

நம் ஊருக்கு எது சரி?

ரயில்வேக்கு ஏற்றது நமக்கும் அப்படியே ஏற்றது என்று சொல்ல முடியாது. ரயில்வேயிடம் பெரிய பட்டறை இருக்கிறது. நம்மிடம் இருப்பது ரோட்டோர வெல்டிங் பட்டறை. நம் ஊரில் பழுது பார்க்க முடியாத வண்டி, எவ்வளவு நல்ல வண்டியானாலும், அறுவடை நேரத்தில் காலை வாரிவிடும்.

ஆகவே சிறு விவசாயிக்கு இன்று ஏற்றது முழு அலுமினிய டிரெய்லர் அல்ல. துத்தநாகம் பூசிய இரும்பு டிரெய்லர்தான்.

"துத்தநாகம் பூசினால் எடை எப்படிக் குறையும்?" என்று கேட்பீர்கள். பூச்சினால் குறையாது. ஆனால் இன்று டிரெய்லர் செய்கிறவர்கள் தகட்டை ஏன் கனமாகப் போடுகிறார்கள்? பாதி காரணம் பாரம். மீதி காரணம் பயம். "நாளைக்குத் துரு தின்றாலும் மிச்சம் இருக்கட்டும்" என்ற பயம். துருவுக்கு வைக்கும் அந்தத் தீனியை நிறுத்தினாலே எடை குறைந்துவிடும். பலம் கூடிய எஃகாகப் பார்த்து வாங்கினால் இன்னும் மெல்லிய தகடு போதும்.

பக்கப் பலகைகளை மட்டும் அலுமினியத்தில் போடலாமா? போடலாம். அங்கே பாரத்தின் அழுத்தம் குறைவு. ஏற்றி இறக்கும்போது கதவைத் தூக்கும் ஆளுக்கும் சுகம். ஆனால் ஒரு ஜாக்கிரதை வேண்டும். அலுமினியமும் வெறும் இரும்பும் நேருக்கு நேர் தொட்டு, நடுவில் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் ரப்பர் வைத்து முடுக்க வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை வேறும் உண்டு. வெல்டிங் வேலையையும் துளை போடும் வேலையையும் முடித்த பிறகுதான் துத்தநாகத்தில் முக்க வேண்டும். பூசிய தகட்டை வாங்கி வெல்டிங் செய்தால், சூட்டில் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும். அங்கே துத்தநாக வர்ணம் அடிக்க வேண்டும். எரியும் துத்தநாகப் புகை வெல்டிங் செய்கிறவருக்குக் காய்ச்சல் கொண்டு வரும். காற்றோட்டமான இடத்தில், முகத்தை மூடிக்கொண்டு செய்ய வேண்டும்.

தளத் தகட்டில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்க வேண்டும். உரம் ஏற்றிய அன்றே கழுவிவிட வேண்டும். இதற்குச் செலவு ஒரு குடம் தண்ணீர்தான்!

இலேசு என்றால் இஷ்டம் போல ஏற்றலாமா?

கூடாது! கூடவே கூடாது!

வண்டி 200 கிலோ இளைத்தால் 200 கிலோ சரக்கு கூடுதலாக ஏற்றலாம். 2 டன் கூடுதலாக ஏற்றினால் என்ன ஆகும்? அச்சு முறியும். வள்ளுவர் காலத்திலேயே அதிகப் பாரத்துக்கு அச்சு முறிந்திருக்கிறது. நம் காலத்தில் அச்சோடு ஆளும் போகிறார்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதில் கடுமையாக இருக்கிறது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம். ஆண்டு முழுவதும் மிச்சம் பிடித்த டீசல் காசு ஒரே நாளில் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிரெய்லர் சரக்குக்காக ஏற்பட்டது. ஆள் ஏறுவதற்கு அல்ல. கோயில், திருவிழா, கல்யாணம் என்றால் பெண்களையும் குழந்தைகளையும் டிரெய்லரில் ஏற்றும் பழக்கம் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. 2022 அக்டோபர் 1-ந் தேதி உத்தரப்பிரதேசத்தில், கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

இலேசான டிரெய்லர் காலியாக ஓடும்போது மேடு பள்ளத்தில் அதிகம் துள்ளும். அதில் ஆள் ஏற்றுவது இன்னும் ஆபத்து. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சதுரகிரிக்குப் போகிறவர்களின் கூட்டம் இந்த வட்டாரச் சாலைகளை நிறைக்கிறது. இரவில் விளக்கு இல்லாமல் நிற்கும் டிரெய்லர் அந்தக் கூட்டத்துக்கு எமன். பின்பக்கச் சிவப்பு விளக்கும், ஒளி வீசும் பட்டையும் அவசியம். மிச்சமான 14 ஆயிரத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

யார் முதலில் தொடங்குவது?

தனி விவசாயி புதுச் சரக்கை வாங்கத் தயங்குவார். தயங்குவது நியாயம். பணம் அவருடையது.

நாமக்கல் லாரிக் கூடு கட்டுவதில் பேர் பெற்ற ஊர். கரூர் பஸ் கூடு கட்டுவதில் பேர் பெற்ற ஊர். ஆகவே தமிழ்நாட்டில் கைத்திறமைக்குப் பஞ்சம் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. வட்டாரத்துக்கு ஒரு துத்தநாக டிரெய்லரை அந்தத் துறை ஓட்டிக் காட்டலாம். இரண்டு மழைக்காலம் ஓடட்டும். பக்கத்தில் ஒரு சாதா டிரெய்லரும் ஓடட்டும். இரண்டையும் எடை போட்டு, டீசல் கணக்கையும் பட்டறைச் செலவையும் ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டட்டும். பேச்சைவிட அந்தக் கணக்கு பெரிது.

அரசாங்கம் செய்ய வேண்டியது இன்னொன்றும் உண்டு. டிரெய்லருக்கு வரி 5 சதவீதம். ஆனால் அதைச் செய்ய உதவும் இரும்புத் தகட்டுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் 18 சதவீதம். பழைய டிரெய்லரை இலேசாக மாற்றிக்கொள்ள ஆசைப்படும் ஏழை விவசாயிக்கு இந்தச் சலுகை எட்டவில்லை. அவர் வாங்குவது டிரெய்லர் அல்ல, தகடு! இதை மேலிடத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை டிரெய்லர் வாங்கப் போகும்போது, "என்ன விலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "காலி எடை எவ்வளவு? என்ன பூச்சு? எத்தனை ஆண்டு தாங்கும்?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு எடை மேடையில் ஒரு தடவை காலி வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

வாங்குகிறவர்கள் பத்துப் பேர் இப்படிக் கேட்டால், செய்கிறவர் பதினொன்றாவது டிரெய்லரை இலேசாகச் செய்வார்.